பரணில் இருந்து இறங்கியவை

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பொங்கலுக்கு இன்னும் ஒன்பதே நாள். காலை டிபன் முடித்துப் பரண் ஏறினேன், இறங்கும்போது மணி இரண்டு. தாம்பரத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்து பதினொரு வருஷம் ஆகிறது, வந்த அன்று மேலே தூக்கிப் போட்ட மூட்டைகளில் சிலவற்றை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிரித்தேன். அத்தையின் (மாமியாரைச் சொல்கிறேன்) சுங்குடிப் புடவை நான்கு, வேறு நூல் புடவை ஐந்து, கைப்பிடி அறுந்த வயர் கூடை இரண்டு, இவருடைய முட்டி கிழிந்த ஜீன்ஸ் மூன்று, ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில்கள் எண்ணவே இல்லை, கடைசியில் நடுவில் ஓட்டை விழுந்து ஓரம் பிரிந்த சுளகு ஒன்று. பிறந்த வீட்டில் அதை முறம் என்போம், கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கும் அது சுளகு ஆகிவிட்டது. அத்தைக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அவர் வாயில் சொளவு.

"எல்லாத்தையும் போகிக்குப் போட்டுக் கொளுத்திடலாம்" என்றார் இவர், பேப்பரில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அத்தை சுளகைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத ஏன் தூரப் போடுத? மெழுகுனா இன்னும் பத்து வருஷம் வரும்."

எனக்கும் ஏதோ வேகம் வந்துவிட்டது. இந்த வருஷம் ஒரு பொருளையும் முயற்சி பண்ணிப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். இவர் சிரித்தார். எது தேறியது, எது சொதப்பியது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பரணில் ஒரு மூட்டை நிறையத் தாம்பூலப் பைகள். யார் யார் கல்யாணத்துக்கோ போய் வாங்கி வந்தவை. இதில் ஒரு அதிசயம். 1998 என்று அச்சடித்த மஞ்சப்பை ஒன்று, பருத்தித் துணி, சாயம் வெளுத்திருக்கிறதே தவிர இழுத்தால் அப்படியே நிற்கிறது. அதற்கு மேலே கிடந்தவை எல்லாம் ஏழெட்டு வருஷத்துப் பைகள், பார்க்கத் துணி மாதிரி இருக்கும், சாமி படமெல்லாம் போட்டு பளபளவென்று. கையில் எடுத்தேன், அப்பளம் மாதிரி உதிர்ந்தது. பச்சையும் சிவப்புமாகத் துகள் புடவை முழுக்க ஒட்டிக்கொண்டது, தரையில் பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருக்கிறது.

அது துணியே இல்லை. நான்-ஓவன் என்கிறார்களே அந்த வகை, பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக் இழையைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. சந்தேகம் இருந்தால் ஒரு ஓரத்தைத் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள், நூல் மாதிரி சாம்பலாகாது, உருகி மணியாகத் திரளும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையான 14 வகை பிளாஸ்டிக் பொருட்களில் இதுவும் உண்டு, ஆனாலும் கல்யாண மண்டபங்களில் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபோது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினேன். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "மீண்டும்னா? நடுவுல எங்க போச்சு?" அவர் ஒரு நாளும் கடைக்குப் பையில்லாமல் போனதில்லை.

1998 மஞ்சப்பையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். நாளைக்கு மார்க்கெட்டுக்கு அதுதான் போகிறது.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலை நான்கு மணிக்கே தெருவில் மேளச் சத்தம். மூச்சு விட்டால் டயர் வாசனை. பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒன்று பக்கத்து வீட்டு நெருப்பில் வளைந்து கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். 2018 போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானமே இறங்க முடியாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறம் எவ்வளவோ குறைந்திருக்கிறது, உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனாலும் ஒரு தெருவுக்கு ஒரு வீடு போதுமே.

அத்தைக்கு இந்த எரிக்கிற சமாச்சாரமே மெட்ராஸுக்கு வந்தபிறகு பார்த்ததுதான். அவர்கள் வீட்டில் வெள்ளையடிப்பது, பாத்திரம் துலக்குவது, அதோடு சரி. பையன் மட்டும் மேளம் அடித்தே ஆக வேண்டும் என்று அழுததால், தேய்ந்துபோன தென்னந்துடைப்பம் ஒன்றை வாசலில் வைத்துக் கொளுத்தினோம். இரண்டு நிமிஷத்தில் அணைந்துவிட்டது. "ஏல, முடிஞ்சிது, வந்து பல்லத் தேயி" என்று ஆச்சி குரல் கொடுத்தார்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

ஊரே மெரினாவில் இருக்கிறது. நான் பழைய பேப்பரைக் கிழித்துக்கொண்டு இருக்கிறேன்.

சுளகு மெழுகுவதற்குக் கூழ் வேண்டும். அத்தை சொன்ன கணக்கு இது: அரைக் கிலோ பேப்பர், இரண்டு கைப்பிடி வெந்தயம், கொஞ்சம் மஞ்சள் தூள். பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழிக்க வேண்டும், கத்தரிக்கோல் கூடாது. வெட்டினால் நார் விளிம்பில் அறுந்துவிடும், கிழித்தால் நார் நீட்டிக்கொண்டு நிற்கும், அப்போதுதான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பளபளப்பான விளம்பரத் தாளையும் சேர்க்கக் கூடாது, எவ்வளவு ஊறினாலும் குழையாது. பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மொட்டைமாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தாயிற்று. மூன்று நாள் ஊற வேண்டும், தினம் தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றும்போது கறுப்பாக வருகிறது, அவ்வளவும் மை.

ஜனவரி 19, ஞாயிறு

ஊரில் இதை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டுவார்களாம். எங்கள் வீட்டில் ஆட்டுக்கல் இல்லை. இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரில் போட அத்தை விடவில்லை, எனக்கும் மனசு வரவில்லை. கைப்பிடி உடைந்த பழைய மிக்ஸி ஜார் ஒன்று கிடந்தது, அதில் நான்கு ஐந்து ஈடாகப் போட்டு அரைத்தேன். பேப்பர் தனியாக, ராத்திரி ஊறவைத்த வெந்தயம் தனியாக. ஊறிய வெந்தயத்தை அரைத்தால் வழவழவென்று நுரைத்துக்கொண்டு வருமே, அந்த வழவழப்புதான் பசை. தண்ணீரை உறிஞ்சி உப்பி, காய்ந்ததும் பேப்பர் நாரைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. கடையில் வாங்கும் பசை ஒரு சொட்டுகூட வேண்டாம். கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்பது அத்தை கட்சி.

இரண்டையும் பிசைந்தால் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வாக, சாம்பல் கலந்த மஞ்சளில் ஒரு உருண்டை. வாசனை பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். ஓட்டை விழுந்த இடத்தில் முதலில் பழைய புடவைத் துண்டு ஒன்றைக் கூழில் தோய்த்து இரண்டு பக்கமும் ஒட்டினோம், அதன் மேல் கூழை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பூச வேண்டும், கை ஈரமாகவே இருக்க வேண்டும், பிரம்பின் இடுக்கெல்லாம் போய் அடைய வேண்டும். நான் பூசிய பக்கம் மேடும் பள்ளமுமாக இருந்தது. அத்தை பூசிய பக்கம் தோசைக்கல் மாதிரி. எழுபத்திரண்டு வயசு, முட்டி வலிக்கிறது என்று புலம்புகிறவர், ஒன்றரை மணி நேரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நல்ல வெயில் அடிக்கிறதே என்று உடனே மாடியில் கொண்டுபோய் வைத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

வெடித்துவிட்டது. ஏரி வற்றினால் மண் வெடிக்குமே அதே மாதிரி, பாளம் பாளமாக.

"வெயில்லயா வச்ச? வெடிக்காம என்ன செய்யும்? மொதல்ல ரெண்டு நாள் நெழல்ல காயணும்." இதை நேற்றே சொல்லியிருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். நான் கேட்கவில்லையாம்.

மீதிக் கூழை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன் (இவருக்குத் தெரியாது). அதை இன்னும் தண்ணீர் விட்டுக் கரைத்து வெடிப்பில் எல்லாம் விரலால் திணித்தேன். இப்போது ஹாலில் மின்விசிறி இல்லாத மூலையில் இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

பாட்டில் வெட்டும் வீடியோ பார்த்தேன். நூலை மண்ணெண்ணெயில் நனைத்துப் பாட்டிலைச் சுற்றிக் கட்டி, கொளுத்தி, சூடாக இருக்கும்போதே ஐஸ் தண்ணீரில் முக்கினால் கோடு போட்ட மாதிரி பிரியும், அழகான டம்ளர் கிடைக்கும். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? நெயில் பாலிஷ் ரிமூவர் வைத்துச் செய்தேன். மூன்று பாட்டில். முதலாவது ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவது குறுக்கே விரிந்தது, மூன்றாவது பிரிந்தது, ஆனால் விளிம்பு ரம்பம் மாதிரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், கண்ணாடித் தூள் பறக்கிறது, பையன் பக்கத்தில் நிற்கிறான், அங்கேயே நிறுத்திவிட்டேன். அதில் தண்ணீர் குடிக்க எவனுக்கும் தைரியம் வராது.

மிச்ச பாட்டில்களைக் கழுவித் துடைத்து, கடுகும் சீரகமும் கொட்டி அலமாரியில் அடுக்கினேன். பாட்டில் எதற்குப் பிறந்ததோ அதற்கே போய்விட்டது.

ஜனவரி 30, வியாழன்

பையனுக்குப் பள்ளியில் வேண்டாத பொருளில் இருந்து கைவினைப் பொருள் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன், அப்புறம்தான் கூடவே வந்த பட்டியலைப் பார்த்தேன். தெர்மாகோல் ஷீட் ஒன்று, மினுமினுப்புத் தூள் மூன்று நிறம், ஐஸ்குச்சி ஒரு பாக்கெட், சூடான பசைத் துப்பாக்கி, அதற்கு பிளாஸ்டிக் குச்சிகள். ஸ்டேஷனரி கடையில் ஐஸ்குச்சி ஐம்பது ஐம்பதாகக் கட்டிப் புதிதாக விற்கிறார்கள், ஐஸையே பார்க்காத குச்சி! மொத்தம் 340 ரூபாய். வீணாவதை மிச்சப்படுத்த இத்தனையும் புதிதாக வாங்கி, அதை ஒரு மேசையில் வைத்து மார்க் போட்டு, மறுநாள் அத்தனையும் குப்பைக்கு.

எனக்குக் கோபம் ஆசிரியர் மேல் இல்லை, அவர்களுக்கும் மேலிருந்து யாரோ சொல்கிறார்கள். ஆனால் பார்க்கிற வீடியோவெல்லாமும் இதே கதைதான். பழைய பாட்டில் ஒன்றை எடுத்து அதன் மேல் முந்நூறு ரூபாய்க்குப் பெயின்ட் அடித்து ஷோகேஸில் வைப்பது. அதைத் தூசி தட்டுவது யார்? ரெண்டு வருஷம் கழித்து பெயின்டோடு சேர்ந்து அந்தக் கண்ணாடியும் குப்பைக்கு.

சரி, புலம்பி முடித்தேன். பையனிடம் வயர் கூடையைக் கொடுத்தேன். ஒரு கூடையைப் பிரித்து அந்த வயரில் இன்னொன்றுக்குக் கைப்பிடி பின்ன ஆச்சி சொல்லிக் கொடுத்தார். மூன்று சாயங்காலம் ஆகும் போலிருக்கிறது. மார்க் எவ்வளவு வருமோ.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜீன்ஸில் பை தைத்தேன். தையல் மெஷினில் வழக்கமான 14 நம்பர் ஊசி, மடிப்பு நான்கு அடுக்காக வந்த இடத்தில் டக்கென்று முறிந்தது. துண்டு கண்ணாடியில் பட்டுத் தெறித்தது, கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தேன். 16 நம்பர் வாங்கி வந்து மாட்டியதும் சும்மா போகிறது. பை நன்றாக வந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கால்மிதி. ஐந்தரை மீட்டர் நூல் புடவை ஒன்றை நீளவாக்கில் இரண்டு அங்குல அகலத்துக்குக் கிழித்து, மூன்று பட்டைகளைச் சடை மாதிரி பின்னி, பின்னலை வட்டமாகச் சுற்றிக்கொண்டே போய் கோணி ஊசியால் தைக்க வேண்டும். அத்தையின் மாம்பழ மஞ்சள் சுங்குடியைக் கிழிக்கும்போது கை நின்றது. மதுரையில் இருந்து அவரே வாங்கி வந்தது, புள்ளியெல்லாம் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது. முந்தானையில் ஒரு புள்ளியைத் தடவிப் பார்த்தால் நடுவில் சின்னதாகத் துணி சுருங்கிய தடம் இன்னும் இருக்கிறது. அதை வாசலில் போட்டு மிதிப்பதா? அவரிடமே கேட்டேன். "அக்குள்ள கிழிஞ்சி, இடுப்புல கிழிஞ்சி, நான் கட்டி முடிச்சாச்சி. கிழி" என்றார். முந்தானையை மட்டும் தனியே வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன், என்ன செய்வேன் என்று தெரியாது.

கால்மிதி பிரமாதமாகத் தண்ணீர் குடிக்கிறது, பாத்ரூம் வாசலுக்கு இதைவிட வேறு வேண்டாம். ஒரு குறை, துவைத்தால் காய இரண்டு நாள். மாற்றுக்கு இன்னொன்று பின்ன வேண்டும். சிந்தெடிக் புடவையில் பின்னலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள். பின்னலாம், தண்ணீர்தான் உறிஞ்சாது, காலை வழுக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பையனின் கூடைக்கு பத்துக்கு ஆறு. பசைத் துப்பாக்கி வைத்து யாரோ செய்த தெர்மாகோல் வீட்டுக்குப் பத்து. அவனுக்குக் கவலை இல்லை, கூடையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறான்.

சுளகு இன்று முழுசாகக் காய்ந்துவிட்டது. தட்டினால் டம் டம் என்று மரப்பலகை மாதிரி சத்தம். என் பக்கம் இன்னும் மேடு பள்ளம்தான். அத்தை உடனே உளுந்து கொண்டு வா, புடைத்துப் பார்க்கலாம் என்றார். நான் தடுத்தேன். அச்சடித்த பேப்பரில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாது, மையில் கெட்டது இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016இல் இருந்து சொல்லி வருகிறது என்றேன். "நாங்க அதுலதான் புடைச்சோம், அதுலதான் தின்னோம், எழுவத்திரண்டு ஆச்சி." பதில் சொல்ல வரவில்லை எனக்கு. அரை மணி நேரம் அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே போய் சின்ன வெங்காயமும் பூண்டும் எடுத்து வந்து அதில் கொட்டினார். உரிக்கப் போகிற சாமான்தானே, தோல் போய்விடுமே.

கொட்டியவர் சும்மா வைக்கவில்லை. சுளகை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து நான்கு தட்டுத் தட்டினார். வெங்காயமும் பூண்டும் உள்ளேயே நின்றன, சருகுத் தோல் மட்டும் எழும்பிப் பறந்து, இவர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் மேல் போய் விழுந்தது.