நிறம் தவறினால் மறுபடியும் சாயம் பூசாதீர்கள்

வீட்டில் தலைமுடிக்குச் சாயம் பூசி நிறம் தவறிவிட்டால், அன்றே இன்னொரு பெட்டியைப் பிரித்து அதன்மேல் பூசிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே ஏறிய சாயத்தை மற்றொரு சாயம் வெளுக்க வைக்காது. நினைத்ததைவிடக் கறுத்துவிட்டால், முதல் சில நாட்களில் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக நீக்கும் ஷாம்புவால் அலசினாலே ஓரளவு மங்கும். சாயம் நீக்கும் மருந்தைப் பயன்படுத்துவோர், அதில் குறிப்பிட்ட நேரம் முழுவதும் பொறுமையாக அலச வேண்டும்; இல்லையெனில் முடிக்குள் தங்கிய சாயம் காற்றுப் பட்டு மீண்டும் கறுத்துவிடும்.

வெளுத்த முடியில் ஆரஞ்சு தெரிந்தால் நீல நிறமி கலந்த ஷாம்புவும், மஞ்சள் தெரிந்தால் ஊதா நிறமி கலந்ததும் அதைத் தணிக்கும். வேர்ப்பகுதி மட்டும் பளிச்சென்று நிற்பதற்கு உச்சந்தலையின் சூடே பெரும்பாலும் காரணம்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: உலோக உப்பு கலந்த சாயமோ மருதாணிப் பொடியோ பூசிய முடியை வெளுக்க முற்படாதீர்கள், வெளுக்கும் மருந்தில் உள்ள பெராக்சைடு பட்டதும் முடி சூடேறி அறுந்துவிடக்கூடும். ஈரமுடியை மெல்ல இழுக்கும்போது ரப்பர்போல நீண்டு அறுந்தால், எந்த மருந்தையும் அதன்மேல் வைக்க வேண்டாம். தோல் எரிந்தாலோ முகம் வீங்கினாலோ, நிறத்தைப் பற்றிய கவலையை விட்டு, உடனே கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள்.