சாலை போகாத நகரில் ஒரு பால்மரம்

பெருவின் தலைநகரான லிமாவிலிருந்து புறப்பட்ட விமானம் ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டியதும், சன்னலுக்குக் கீழே காடும், அந்தக் காட்டுக்குள் பழுப்பு நிறத்தில் வளைந்து நெளிந்து கிடக்கும் ஆறுகளும் தவிர வேறெதுவும் தென்படவில்லை. சாலை என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. லொரெத்தோ பிராந்தியத்தின் தலைநகரமான இக்கிட்டோஸில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் வாழ்ந்தபோதிலும், பெருவின் மற்றப் பெருநகரங்களிலிருந்து அங்கே செல்லத் தரைவழி கிடையாது. நௌத்தா என்ற ஆற்றங்கரை ஊர்வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓடி அங்கேயே நின்றுவிடும் ஒரு சாலை மட்டும் உண்டு. மற்றபடி வானில் வர வேண்டும். இல்லையேல் யூரிமாகுவாஸிலோ புகால்பாவிலோ சரக்குப் படகில் ஏறி, தளத்தில் தூளி கட்டிப் படுத்தபடி நாட்கணக்கில் ஆற்றோடு வர வேண்டும்.

இவ்வளவு தொலைவுக்கு நான் போனதற்குக் காரணம் என் பாட்டி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர் அவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நடந்துபோன அவருக்கு, அந்த மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை யாரும் சொன்னதில்லை. அது அமேசான் காட்டு மரம் என்பதை நான் பள்ளிப் புத்தகத்தில் படித்துச் சொன்னபோது, "அங்க யாரு பால் வெட்டுனாங்க?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் போய் இறங்கினேன். ஊரெங்கும் மோட்டோகாரோ எனப்படும் மூன்று சக்கர வண்டிகளின் இரைச்சல். கார்கள் மிகக் குறைவு, ஏனெனில் ஒவ்வொன்றையும் படகில்தான் ஏற்றி வர வேண்டும். நடுச் சதுக்கத்தின் ஓரத்தில் இரும்புத் தகடுகளைப் பொருத்திக் கட்டிய 'காசா டி ஃபியேரோ' என்ற இரண்டு மாடி வீடு நிற்கிறது. ஐரோப்பாவில் செய்த தகடுகளைக் கப்பலில் கொண்டுவந்து கட்டினார்கள். பாரிஸ் கோபுரத்துக்குப் பெயர் தந்த ஐஃபெலின் கைவண்ணம் என்று ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து ஆற்றங்கரை நடைபாதைக்குப் போனால், போர்ச்சுகலிலிருந்து தருவித்த வண்ண ஓடுகள் பதித்த பழைய வணிக மாளிகைகள் வரிசையாக வருகின்றன. பல சுவர்களில் ஓடுகள் உதிர்ந்து பாசி படர்ந்திருந்தது. கடலிலிருந்து ஆற்றுவழியே 3,000 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் காட்டூருக்கு இந்த ஓடுகள் வந்து சேர்ந்தது முழுக்க ரப்பர் பணத்தால்தான்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, கரையில் கட்டி நிறுத்தியிருக்கும் 'அயபுவா' என்ற கப்பலுக்குள் போனேன். 1906-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் இப்போது ரப்பர் காலத்து அருங்காட்சியகமாக இருக்கிறது. இக்கிட்டோஸின் பெருவணிகர் ஹூலியோ சேசர் அரானா 1907-ல் லண்டனில் பதிவு செய்த பெருவிய அமேசான் கம்பெனி, புதுமாயோ ஆற்றுப் பகுதியில் விட்டோட்டோ, போரா, அந்தோக்கே முதலிய பழங்குடி மக்களை அடிமைகளாக்கி, குறித்த எடைக்குப் பால் கொண்டுவராதவர்களைச் சாட்டையால் அடித்தும் பட்டினி போட்டும் கொன்றது. 1910-ல் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் இதே நகரில் வந்திறங்கி, புதுமாயோவுக்குச் சென்று விசாரித்தார். அவரது அறிக்கை 1912-ல் வெளியானது. முதுகில் தழும்புகளோடு நிற்கும் மனிதர்களின் படங்களுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். பாட்டியின் கேள்விக்குப் பதில் அந்த முகங்களில்தான் இருந்தது.

நகரத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் அந்த அறிக்கையைவிட ஒரு விதைதான். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றோரத்தில் எழுபதாயிரம் விதைகளைத் திரட்டி லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கும், அடுத்த ஆண்டில் சிங்கப்பூருக்கும் போயின. எங்கள் பேராக்கின் கோலகங்சாரில் இன்றும் நிற்கும் முதிய மரம் அந்த வழியில் வந்ததுதான். 1913 வாக்கில் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சிவிட, விலை சரிந்து இக்கிட்டோஸின் மாளிகைகள் காலியாயின. அந்தத் தோட்டங்களில் காடழித்துக் கன்று நட்டுக் காய்ச்சலில் மடிந்தவர்கள், கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுவந்த நம் மக்கள். ஆசியத் தோட்டங்கள் அமேசானின் கொடுமைக்கு முடிவு கட்டின என்று சில நூல்கள் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுமை ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்கு மாறியது, அவ்வளவே.

மறுநாள் பெலென் பகுதிக்குப் போனேன். ஆற்றுநீர் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறி இறங்கும் அந்தத் தாழ்நிலத்தில், சில வீடுகள் உயரமான கால்களின்மேல் நிற்கின்றன. சில மரக்கட்டைத் தெப்பங்களின்மேல் கட்டப்பட்டு வெள்ளத்தோடு சேர்ந்து மிதக்கின்றன. நான் போனபோது தெருக்களெல்லாம் நீராகியிருந்தன. சிறுமியொருத்தி தம்பியை முன்னால் உட்காரவைத்துத் தோணி வலித்துக் கடைக்குப் போனாள். மேட்டுச் சந்தையில் உப்பிட்ட பைச்சே மீனும், கம்பியில் கோத்துச் சுட்ட சூரி என்ற பனைப்புழுவும், செதிலுள்ள அகுவாஹே பழமும் குவிந்திருந்தன. மஞ்சள் சேர்த்த சோற்றில் கோழியும் முட்டையும் வைத்து பிஹாவோ இலையில் பொதிந்து வேகவைத்த ஹுவானே பொட்டலத்தைப் பிரித்தபோது எழுந்த இலைமணம் எனக்குப் பழகிய மணமாகவே இருந்தது.

பாட்டியின் மரத்தைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் படகில் ஓர் ஆற்றோரச் சிற்றூருக்கு அழைத்துச் சென்று, அதன் பின்புறக் காட்டில் முக்கால் மணி நேரம் நடக்கவைத்து ஷிரிங்கா என்று அங்கே அழைக்கப்படும் ஒரு பால்மரத்தைக் காட்டினார். அங்கே நிரை இல்லை. அடுத்த மரத்துக்கு இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும் என்றார். நெருக்கமாக நட்டால் இலைக்கருகல் நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால், இந்த மரத்தின் சொந்த மண்ணிலேயே தோட்டம் போட முடியாமல் போனது. அடிமரத்தில் சிறுகோடரியால் கொத்திய பழைய காயங்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. பாட்டி சீவிய பட்டை வழவழப்பாக இருக்கும்; மரத்துக்கு நோகாமல் மெல்லிசாகச் சீவ வேண்டும் என்பார். அந்த முடிச்சுகளைத் தடவிப் பார்த்தேன்.

காலடியில் புள்ளி போட்ட கொட்டைகள் சில கிடந்தன. ஒன்றை எடுத்துக் காய்ந்த கட்டையில் தேய்த்துச் சூடாக்கி, தோட்டத்தில் நாங்கள் விளையாடியதைப்போல வழிகாட்டியின் கையில் சட்டென வைத்தேன். துள்ளிக் கையை இழுத்தவர் சிரித்துவிட்டு, தாமும் குனிந்து ஒரு கொட்டையைப் பொறுக்கித் தேய்க்கத் தொடங்கினார்.