குடம், பாய், ஜெராக்ஸ்: வீடு மாறும்முன் கழித்தவை

வீடு மாறப் போகிறோம் என்றதும் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: ஒரு வருஷமாகக் கைபடாத சாமானைத் தூக்கிப் போட்டுவிடு. யார் ஆரம்பித்து வைத்த விதியோ, அவர் வேலூரில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து ஒரு கோடையைக் கழித்தவர் இல்லை, சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வந்த சொந்தக்காரர்களைக் கூடத்தில் வரிசையாகப் படுக்க வைத்தவரும் இல்லை. எங்கள் பரணில் இருந்ததில் முக்கால்வாசி, வருஷக்கணக்கில் யாரும் தொடாததுதான். பெரிய அண்டாவைக் கடைசியாக இறக்கியது நாத்தனார் கல்யாணத்துக்கு. தொடவில்லை என்பதற்காக அது வேண்டாத பொருள் என்று சொல்லிவிட முடியுமா? என் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

கொசப்பேட்டை வீடு மாமனார் கட்டியது. அவர் போன பிறகு பாகம் பிரித்து, விற்று, எங்கள் பங்கோடு கடனையும் சேர்த்துச் சத்துவாச்சாரியில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். அங்கே பரண் கிடையாது. லாஃப்ட் என்று சமையலறை மேலே ஒரு பலகை இருக்கிறது, அதில் இரண்டு சூட்கேஸ் வைத்தால் நிறைந்துவிடும். மார்கழியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், தை பிறந்துதான் பால் காய்ச்ச வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டதால் அந்த மார்கழி முழுக்கச் சாமான் கழிக்கிற வேலைக்கே கிடைத்தது. அது ஒரு வகையில் நல்லதுதான். சித்திரையாக இருந்தால் இந்த ஊரில் பரணில் தலையை நீட்டவே முடியாது, வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும், ஓட்டுக்குக் கீழே என்ன இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் நானும் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு குவியலாகத்தான் பிரித்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு வேண்டாத குவியலில் இருந்ததை எல்லாம் வேண்டும் குவியலுக்கு மாற்றிவிட்டுப் போவார். அப்புறம்தான் கேள்வியை மாற்றினேன். இதை எதற்குப் பயந்து எடுத்து வைத்தோம், அந்தப் பயம் இன்னும் இருக்கிறதா? இப்படிக் கேட்டால் அத்தை சண்டைக்கு வருவதில்லை, உட்கார்ந்து கதை சொல்கிறார். கதை முடியும்போது பாதி நேரம் அவரே "போட்டுடு" என்கிறார்.

குடங்கள்தான் அதிகம். பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், ஒரு பித்தளைக் குடம், நீல டிரம், மூடி தொலைந்த இன்னொரு நீல டிரம். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிற ஊர் இது. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்து ஓரம் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம், ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கவே குடும்பத்தோடு கிளம்பிப் போகிறவர்கள் நாங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பெல்லாம் தெருக்குழாயில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நடுராத்திரி விட்டாலும் எழுந்துபோய் வீட்டில் இருக்கிற பாத்திரம் அத்தனையும் நிரப்பியாக வேண்டும், விட்டுவிட்டால் அடுத்த முறை வரைக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். அப்படி இருந்தவரிடம் போய் "ஃப்ளாட்டில் போர் இருக்கிறது, மேலே டேங்க் இருக்கிறது" என்றால், "தண்ணி இல்லாம கெடந்தவளுக்குத்தான் தெரியும், நீ அந்த டிரம்மத் தொடாத" என்ற பதில்தான் வரும். நியாயம்தான். போர் வற்றாது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? கடைசியில் மூடி சரியாக இருக்கிற ஒரு டிரம், நான்கு குடம் என்று பேசி முடித்தோம். மற்றது காயலான் கடைக்கு. எடுக்க வந்தவர், "இன்னாக்கா, இத்தினி குடம் கீது, கடை எதுனா வச்சினு இருந்தீங்களா?" என்று கேட்டார்.

டிரம்மைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், எடுத்துப் போவதானாலும் உள்சுவரைப் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில்தான் முட்டையை ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். காய்ந்த டிரம்தானே என்று அப்படியே எடுத்துப்போய்ப் புது வீட்டில் நிரப்பினால், பழைய வீட்டுக் கொசுவும் கூடவே குடிவந்துவிடும்.

அடுத்தது பாய், தலையணை. இது வேலூர்க்காரர்களுக்குத்தான் புரியும் என்று நினைக்கிறேன். எந்த ஊரில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் கடைசியில் இங்கேதான் வருவார்கள், வந்தால் ஒரு நாளில் முடியாது, டெஸ்ட், ரிப்போர்ட், மறுபடி டாக்டர் என்று இழுக்கும். லாட்ஜில் தங்குங்கள் என்று சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? அதனால் வந்தவாசிக் கோரைப்பாய் ஒரு கட்டு, இலவம்பஞ்சுத் தலையணை, கஞ்சி கொண்டுபோக ஃபிளாஸ்க், நாலடுக்கு டிபன் கேரியர் எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். இந்தப் பயம், பயம் என்றுகூடச் சொல்லக்கூடாது, இன்னும் அப்படியே இருக்கிறது. போன ஐப்பசியில்கூட ஆரணியில் இருந்து பெரியம்மா வந்து தங்கினார். ஆகவே பாயும் கேரியரும் வந்தன. தலையணைகளை மட்டும் விட்டோம், பஞ்சு கட்டிப்போய்க் கல்லாக இருந்தது. அதில் தலை வைத்தவர்கள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அரசு கொடுத்த சாமான்கள் ஒரு தனி மூலை. 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த 14 அங்குலக் கலர் டிவி, 2011 திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. இருக்கிற மிக்ஸி ரிப்பேரானால் இருக்கட்டும் என்று அட்டைப்பெட்டியோடு வைத்தது. எங்களுடையது ரிப்பேராகிப் புதிதே வாங்கினோம், பரணில் இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கிரைண்டர் ஓடியது, தெருமுனையில் இட்லிக் கடை போடும் அக்காவுக்குக் கொடுத்தோம். ஃபேனை எடுத்து வந்தோம், வேலூரில் ஃபேனை யாராவது வேண்டாம் என்பார்களா. டிவிதான் தலைவலி. பழைய குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காகச் சில இடங்களில் அதை உடைத்துவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போடுகிறார்கள். உடைக்காமல் எடுத்துப் போகும் மின்கழிவு ஆட்கள் கிடைக்கும் வரை அது கூடத்திலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னதற்கு, வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பரவாயில்லை, கிடைத்தார்கள், எடுத்துப் போனார்கள்.

பேப்பர்களுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மாவட்டத்தின் சரித்திரமே இருக்கிறது: வடஆற்காடு மாவட்டம் என்று சீல் வைத்த பத்திரம், 1989இல் பிரித்த பிறகு வந்த வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்துச் சான்றிதழ், அப்புறம் வெறும் வேலூர் மாவட்டம். 2019இல் அதையும் மூன்றாகப் பிரித்துவிட்டதால் ராணிப்பேட்டைப் பக்கத்து நிலத்தின் காகிதம் இப்போது வேறு மாவட்டத்துக் கணக்கு. தலைப்பு மாறியதால் பழசு செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பி எறிந்துவிடாதீர்கள். மூலப் பத்திரம், தாய்ப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ், இவை அசலாக இருந்தால் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். அசல் பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, தேடியும் கிடைக்கவில்லை என்று சான்று வாங்கி அலைய வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் அப்படி இல்லை, இப்போது இணையத்திலேயே எடுக்கலாம், அதனால் அவற்றின் பழைய நகல்களைக் கிழித்துவிடலாம்.

கிழித்ததில் பெரும்பகுதி ஜெராக்ஸ்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் இரண்டு செட் கேட்பார்கள் என்று என் வீட்டுக்காரர் எப்போதும் நான்கு செட் எடுப்பார், மிச்ச இரண்டும் பெட்டிக்கு வரும். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் என்று சேர்ந்தது. இதைக் கட்டி அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள், ஆதார் நம்பரும் கையெழுத்தும் சேர்ந்த தாள் அடுத்த வாரம் எங்காவது போண்டா மடிக்கப் போய்விடும். மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கினாள், அவளுக்கு அது ஒரு விளையாட்டு. வாரண்டிக்காக என்று பத்திரப்படுத்திய பில்களைப் பார்த்தால் பாதி வெள்ளைத் தாள். சூடு பட்டால் எழுத்து தெரியும் தாளில்தான் கடை பில் அடிக்கிறார்கள், அதுவே கொஞ்ச நாளில் வெளிறிப் போகும், எங்கள் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். இனிமேல் பில் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைப்பது என்று முடிவு.

எக்ஸ்ரே கவர்களும் இருந்தன, எங்களுடையது பாதி, வந்து தங்கியவர்கள் விட்டுப்போனது பாதி. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெள்ளி இருப்பதால் அதை எடைக்கு எடுக்கிறார்கள். கொடுக்கும் முன் பெயர், நம்பர் இருக்கும் ஓரத்தை வெட்டிவிடுங்கள். மாமனாரின் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வைத்துக்கொண்டோம், அவருக்கு இருந்த சர்க்கரை பிள்ளைகளுக்கும் வரலாம், டாக்டர் கேட்டால் காட்டலாம்.

பட்டுப்புடவை விஷயத்தில் நான் தலையிடவில்லை. அத்தையின் ஆரணிப் பட்டு இரண்டு, மடிப்பிலேயே கிழிந்திருந்தது. தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வருபவர் முதலில் சொல்லும் விலைக்குக் கொடுக்காதீர்கள், அவர்கள் வாங்குவது சரிகைக்குள் இருக்கிற வெள்ளிக்காக. சரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் பெரும்பாலும் அசல் சரிகை, பேரம் பேசலாம். கூடவே ஆம்பூரில் வாங்கிய ஷூக்களின் காலிப் பெட்டிகள் ஒரு கோபுரம் இருந்தது, ஏன் வைத்தோம் என்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, போய்விட்டது.

அந்தப் பெரிய அண்டாவுக்கு வருகிறேன். வாடகைப் பாத்திரக் கடை இல்லாத காலத்தில், விசேஷ வீட்டுக்காரர்கள் யாரிடமும் போய்க் கையேந்தக் கூடாது என்று வாங்கியது. இப்போது கல்யாணம் மண்டபத்தில், பாத்திரம் சமையல்காரரோடு வருகிறது. ஈயம் பூசுகிறவர்களும் தெருப்பக்கம் வருவதில்லை, பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கவும் முடியாது. அத்தை ஒரு முழு சாயங்காலம் யோசித்தார், பிறகு அதில் வெட்டியிருந்த மாமனார் பெயரை விரலால் தடவிவிட்டு, "சின்னவன் எடுத்துட்டுப் போறானா கேளு" என்றார். கொழுந்தனார் வீட்டில் மாடி இருக்கிறது. எடுத்துக்கொண்டார்.

மிச்சத்தைப் போகியில் கொளுத்திவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ரெக்சின் பை, பிளாஸ்டிக் சேர், பழைய டயர் எல்லாம் அந்தக் குவியலில் இருந்ததால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நைந்துபோன ஒரு பாயும் துடைப்பமும் மட்டும் எரித்தோம், மகள் தப்பு அடித்தாள், அது போதும்.

குட்டியானையில் எல்லாம் ஏறியது. ஏறாதது ஆட்டுக்கல். யாரும் விலைக்கு எடுக்கவில்லை, காயலான் கடைக்காரர், "கல்ல எடுத்துனு போயி நான் இன்னாக்கா பண்றது" என்றார். ஃப்ளாட்டில் அதை எந்த மூலையில் வைப்பது, லிஃப்டில் எப்படி ஏற்றுவது? வீடு வாங்கியவர்கள் சாவி வாங்க வந்தபோது, "அது இங்கேயே இருக்கட்டும், மேலே செடித்தொட்டி வைக்கலாம்" என்றார்கள். "ஆட்டுக்கல்லு மேல தொட்டியா" என்று அத்தை முகத்தைச் சுளித்தார், ஆனால் சரி என்றார். குழவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியில் மடியில் வைத்தபடி வந்தார். சத்துவாச்சாரியில் மேல்மாடி என்பதால் காற்று அதிகம், பால்கனிக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது குழவி அதற்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.