சிங்கப்பூர் கணக்கோடு கோவையில் பழைய கார் பார்க்காதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து கோவைக்குக் குடிவருகிறவர்கள் பழைய கார் பார்க்கப் போனால் முதலில் இடறுவது வண்டியின் வயதில்தான். அங்கே சி.ஓ.இ., அதாவது கார் வைத்துக்கொள்ள வாங்கும் உரிமைச் சான்று, பத்து வருடம். திரும்பப் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் வண்டி ரோட்டைவிட்டே போயாக வேண்டும். அதே நினைப்பில் பார்த்தால் 2016 ஸ்விஃப்ட் கிழட்டு வண்டியாகத்தான் தெரியும். இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். விலை நன்றாக இறங்கி, இன்ஜினில் உயிர் மிச்சமிருக்கும் எட்டு, ஒன்பது வயது பெட்ரோல் வண்டிதான் நமக்குச் சரி.

தினமும் ஓட்டவும் வேண்டும், ஓட்டினால் குஷியாகவும் இருக்க வேண்டும் என்றால் எடை குறைந்த, கியர் போட்டு ஓட்டுகிற சின்ன வண்டியைப் பாருங்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிற ஊர் இது. மாருதி 800 இன்ஜினை வைத்தே பந்தயக் கார் கட்டினார், அந்தத் தளத்துக்குப் பெயர் தந்த கரிவரதன். அந்த ஊரில் பெரிய இன்ஜின் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் தேர்வு ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல். 2018-இல் வந்த மாடல் 900 கிலோவுக்கும் கீழே, 83 பி.எஸ். சக்தி, ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே துள்ளும். எந்தப் பட்டறையிலும் பார்ப்பார்கள், விற்றாலும் காசு வரும். அதனாலேயே விலையும் கொஞ்சம் தூக்கல். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் ஹோண்டா பிரியோ: 1.2 இன்ஜின், 88 பி.எஸ்., டிக்கி மட்டும் சிறிது. ஃபோர்டு ஃபிகோவின் ஸ்டீயரிங் இவை எல்லாவற்றையும்விட ருசி. ஆனால் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்துவிட்டது. பிரேக் பேட், ஃபில்டர் கிடைக்கும், ஹெட்லைட் உடைந்தால் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

ஆட்டோமேட்டிக் கியரிலேயே பழகியவர்களுக்கு ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஆசை காட்டும். அதிலுள்ள டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி உலர் கிளட்ச் வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். கியரை மாற்றிவிடும் மெகட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி போய்விட்டால் செலவு லட்சத்தைத் தாண்டலாம். குறைந்த பட்ஜெட்டில் இதைத் தொடவே தொடாதீர்கள். இந்திய உரிமத்தில் காருக்கு ஆட்டோமேட்டிக், மேனுவல் என்ற பிரிவு கிடையாது. ஒரு வாரம் டிரைவிங் ஸ்கூலில் கியர் பழகிக்கொள்வது இதைவிட எவ்வளவோ மலிவு.

பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைக்குப் போனால் “ஒரே ஓனருங்க, டாக்டர் வெச்சிருந்த வண்டி, புதுசாட்டம் இருக்குதுங்க” என்பார்கள். கோவையில் இத்தனை டாக்டர்களா என்று தோன்றும். சிரித்துவிட்டு பானெட்டைத் திறங்கள். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட வேண்டும். ஆறிய இன்ஜினில்தான் குறை பேசும். ஆயில் மூடியின் அடியில் வெள்ளை நுரை இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறதா என்று மெக்கானிக் பார்க்காமல் பேச்சே வேண்டாம்.

அடுத்து, கூலண்ட் டப்பா. இந்தப் பக்கத்துக்கே உரிய வியாதி இங்கேதான் பிடிபடும். கூலண்ட் குறைந்தால் சிலர் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். சிறுவாணித் தண்ணீர் வேறு, போரில் வரும் உப்புத்தண்ணீர் வேறு. உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, பர்லியாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது டெம்பரேச்சர் ஏறும். டப்பாவில் இருப்பது பச்சையோ சிவப்போ இல்லாமல் துரு நிறத்தில் இருந்தால், ஓரத்தில் வெள்ளைப் பொருக்குத் தட்டியிருந்தால், ரேடியேட்டர் செலவை விலையில் கழியுங்கள், இல்லையேல் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

பானெட், ஃபெண்டர் போல்ட்களில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஃபெண்டர் மாற்றியது பெரிய விஷயமில்லை; ஏப்ரனிலோ (இன்ஜினின் இரு பக்கத் தகடு) பில்லரிலோ (கூரையைத் தாங்கும் தூண்) கை வெல்டிங் தெரிந்தால் வேண்டவே வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேறு காய்ந்த கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னைப் பதிவு என்றால் 2015, 2023 டிசம்பர்களை மனதில் வையுங்கள். டி.என். 43, அதாவது நீலகிரி வண்டி என்றால் கிளட்ச்சும் பிரேக் டிஸ்க்கும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். ஆறு வயது தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். நாலு லட்சம் பட்ஜெட் என்றால் மூன்றரைக்கு வண்டி, மீதி டயருக்கும் முதல் சர்வீஸுக்கும்.

வாளையாறு தாண்டினால் கேரளம். கே.எல். வண்டி விலையில் மலிவாகத் தெரியும். என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டினால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

பேப்பரில், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும். இ-செலான் பாக்கியை வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிளெய்ம் செய்யாததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்டுவீர்கள். சர்வதேச உரிமம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட் என்பதால் வந்த மாதமே அதை ஆரம்பித்துவிடுங்கள். ஃபாஸ்டேக்கையும் விற்பவர் ரத்து செய்துவிட்டாரா என்று கேளுங்கள். பழைய டேக் உயிரோடு இருந்தால் அதே வண்டி எண்ணுக்குப் புதியது கிடைப்பது சிக்கல், அதுவரை கணியூர் டோலில் கழிவது அவர் பணம்.