நாய் வளர்த்தா பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வருமாமே!

வீட்ல நாய் வளர்த்தா பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வரும்னு யாரோ சொன்னதை எங்க வீட்டு வாண்டுங்க ரெண்டும் எங்கயோ காதுல வாங்கிட்டு வந்து, நோட்டுல பேப்பர் கிழிச்சு ஒப்பந்தமே எழுதி நீட்டுச்சுங்க. நாங்களே வாக்கிங் கூட்டிட்டுப் போவோம், நாங்களே குளிப்பாட்டுவோம், கக்கா கூட நாங்களே அள்ளுவோம். கீழ ரெண்டு கையெழுத்து, அது பத்தாதுன்னு சின்னவனோட கைரேகை வேற. இப்ப அந்தப் பேப்பரைத் தேடுனா காணோம், அதைத் தின்னதே எங்க நாய்க்குட்டி வீராவாத்தான் இருக்கும்னு எனக்கு சந்தேகம்.

வீரான்னு பேரு வச்சது பொண்ணு. மிக்ஸி போட்டா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கிற வீரன்.

குட்டி நாய்க்கு ரொம்ப நேரம் அடக்கத் தெரியாதுங்க, தூங்கி எந்திரிச்சா, சாப்ட்டா, விளையாடி முடிச்சா உடனே வெளிய தூக்கிட்டு ஓடணும், பகல் ராத்திரி எல்லாம் கிடையாது. நடுராத்திரில தூக்கிட்டு ஓடறது யாருன்னு நெனைக்கிறீங்க, கையெழுத்து போட்ட ரெண்டும் குறட்டை விட்டுட்டு இருக்கும். நாய் டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாரு, பிள்ளைங்க கூடமாட உதவி செய்வாங்கம்மா, பொறுப்பு என்னவோ உங்களோடதுதான்னு. மனுஷன் எத்தனை ஒப்பந்தத்தைப் பாத்திருப்பாரோ!

சரி, பொறுப்பு வந்தது எனக்குத்தான். ஆனா நாம கேக்காத பலன் எல்லாம் ஒவ்வொண்ணா வருது பாருங்க, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

மொதல் விஷயம், வீட்டுத் தரை கண்ணுக்குத் தெரியுது. நாய்க்குட்டிக்கு 28 பால்பல்லு, மூணு மாசத்துல இருந்து அது ஒவ்வொண்ணா விழுந்து 42 புதுப் பல்லு முளைக்குமாம், அது முடியற வரைக்கும் ஈறு நமநமன்னு இருக்கறதால கண்ணுல பட்டதை எல்லாம் கடிக்கும். பொம்மையை எடுத்து வைடான்னு நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துனப்ப அசையாத பய, அவனோட கார் ஒண்ணு சக்கரம் இல்லாம திரும்பி வந்ததும் எல்லாத்தையும் அள்ளிப் பெட்டில போட்டு மூடிட்டான். சின்னப் பொம்மையை முழுங்கிட்டா வயித்தைக் கிழிச்சு எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொன்னது வேற. அதே மாதிரி சாக்லேட், திராட்சை, சுகர் ஃப்ரீ சூயிங்கம்ல போடுற சைலிட்டால் இதெல்லாம் நாய்க்கு விஷம்னு தெரிஞ்சதுல இருந்து பெட்ல உக்காந்து சாக்லேட் திங்கறது அடியோட நின்னு போச்சு. நான் பத்து வருஷம் கத்தியிருந்தாலும் நடந்திருக்காது, சத்தியமா.

பொண்ணு கதை வேற. ஊசின்னு சொன்னாலே ஆஸ்பத்திரி வாசல்லயே படுத்து உருள்ற ஜாதி. குட்டிக்கு ஆறேழு வாரத்துல தடுப்பூசி ஆரம்பிச்சா நாலு மாசம் வரைக்கும் சில வாரத்துக்கு ஒருக்கா போட்டுட்டே இருக்கணும், வெறிநாய்க்கடி ஊசி தனி. ஒவ்வொரு தடவையும் அவதான் வீராவைப் பிடிச்சிக்கிட்டு "ஒண்ணும் இல்லடா, எறும்பு கடிச்ச மாதிரிதான், அக்கா இருக்கேன்ல"ன்னு சொல்லுவா. சொல்றப்ப கண்ணை மட்டும் இறுக்க மூடிக்குவா. அவளுக்கு ஊசி போட வேண்டிய நாளும் வந்துச்சு, வீரா முன்னாடி மானம் போயிடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தா. வீரா அங்க வரவே இல்லங்கறது வேற விஷயம்.

சின்னவன் இப்ப வீராவுக்குக் கதை படிச்சுக் காட்டுறான். எங்ககிட்ட படிச்சா திக்குவான், நாங்க திருத்துவோம், புஸ்தகத்தை மூடிருவான். வீரா திருத்தாது, தப்பாப் படிச்சாலும் வாலை ஆட்டும், போரடிச்சா தூங்கிடும். இதுக்குன்னே அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டில 1999லயே, பிள்ளைங்க பழக்கின நாய்ங்களுக்குப் படிச்சுக் காட்டற மாதிரி ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்காங்களாம். நமக்கு அது தானா அமைஞ்சிடுச்சு.

இப்ப மேட்டருக்கு வரேன். போன வாரம் வீட்டுக்காரரோட மூக்குக்கண்ணாடி உடைஞ்சு, வீராவோட மெத்தை மேலயே கெடந்துச்சு. "யாருடா இதைப் பண்ணுனது?"ன்னு அவர் போட்ட சத்தத்துல வீரா காதை மடக்கி வாலைச் சுருட்டி ஓரக்கண்ணால பாத்துச்சு. பாத்தியா திருட்டு முழியைன்னு தீர்ப்பு எழுதிட்டாரு, இன்னைக்கு ராத்திரி பால்கனிலதான் படுக்கணும்னு தண்டனையும் கொடுத்துட்டாரு. பொண்ணு வக்கீலா நின்னு, ஃப்ரேம்ல பல்லு தடமே இல்லயேப்பான்னு வாதாடுனா, எடுபடல.

பால்கனி கதவைச் சாத்தி ஒரு நிமிஷம் ஆகல, வீரா கதவைப் பிராண்டி முனக ஆரம்பிச்சது, அந்தப் பக்கம் சின்னவன் மூஞ்சி கோணுது, உதடு துடிக்குது, திடீர்னு ஓன்னு அழுதுட்டே "அப்பா வீரா பண்ணல, நான்தான் கண்ணாடி மேல உக்காந்துட்டேன்"னான். உக்காந்தது மட்டும் இல்லீங்க, உடைஞ்சதைக் கொண்டு போய் நாய் மெத்தைல வச்சு ஜோடனை பண்ணதும் அய்யாதான்! பொறந்ததுல இருந்து எங்க மிரட்டலுக்கு ஒரு தப்பையும் ஒத்துக்காதவன், ஒரு நாய் ஒரு நிமிஷம் முனகுனதுக்கு மொத்தத்தையும் கொட்டிட்டான். திட்டறதா கட்டிப் பிடிச்சுக்கறதான்னு தெரியாம அவர் நின்னாரு, பொண்ணு விடல, வீராகிட்ட சாரி கேளுங்கன்னு பிடிவாதம். கேட்டாரு. மண்டி போட்டு!

ராத்திரி இதைப் பத்திப் படிச்சுப் பாத்தேன். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2009ல கட்டுரை வந்திருக்கு. நாயைத் திங்காதேன்னு சொல்லிட்டு ஓனரை வெளிய அனுப்பிருவாங்க, அது தின்னுச்சா இல்லையான்னு ஓனருக்குச் சில நேரம் பொய்யாச் சொல்லுவாங்க. கடைசில பாத்தா அந்தத் திருட்டு முழி, தப்பு பண்ணதால வரல, ஓனர் திட்டறதால வருது, அதுவும் ஒண்ணுமே பண்ணாத நாய் திட்டு வாங்கறப்பதான் அதிகமா முழிச்சிருக்கு. காலைல வீட்டையே உக்கார வச்சு இதை விளக்கமாச் சொன்னேன்.

அன்னிக்கு சாயங்காலம் டிவி ரிமோட்டைக் காணோம். சோபா அடியில பட்டன் எல்லாம் பிஞ்சு கெடந்துச்சு, எச்சில் கூட காயல. வீரா பக்கத்துலயே வயித்தைக் காட்டி மல்லாந்து தூங்கிட்டு இருந்தது. சின்னவன் குறுக்க வந்து நின்னு, "அம்மா, மூஞ்சியைப் பாத்து எதையும் முடிவு பண்ணக் கூடாதுன்னு நீதானே சொன்ன"ங்கறான்.