நாலாம் நாள் பிளேட்

“வயது 55. நெல் விவசாயி. சர்க்கரை உண்டு. மூன்று வாரமாகக் காய்ச்சல். ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்னக் கட்டிகள். ரத்தக் கல்ச்சரில் கிராம் நெகட்டிவ் குச்சிக் கிருமி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ். வார்டிலிருந்து டாக்டர் போன் பண்ணுகிறார். என்ன சொல்வாய்?”

நுண்ணுயிரியல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் கேட்ட கேள்வி இது. “சூடோமோனாஸ் மாதிரி இருக்கிறது, வெளியிலிருந்து கலந்த கிருமியாகவும் இருக்கலாம், இன்னொரு சாம்பிள் அனுப்புங்கள் என்று சொல்வேன்” என்றேன். சயாமா பேனாவை மூடி வைத்தார். பர்மாவில் ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவோம். வேறு கேள்வி அவர் கேட்கவில்லை. அந்த வருடம் வைவாவில் நான் தேறவில்லை.

மறு வருடம் தேறினேன். இடையில் எப்படிப் படித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வகத் தொழில்நுட்பமோ, நுண்ணுயிரியலோ, வெப்பமண்டலத் தொற்று நோய்களோ படிக்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். அதிலும் தமிழ் வீட்டில் வளர்ந்து, பர்மியப் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்கு விடை மெலியாய்டோசிஸ். கிருமியின் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லே. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும். தோலில் உள்ள புண் வழியாகவும், மூச்சு வழியாகவும், குடிக்கிற தண்ணீர் வழியாகவும் உடம்புக்குள் போகும். மழைக்காலத்தில் அதிகம். சர்க்கரை நோயாளிகளை மற்றவர்களைவிட அதிகமாகப் பிடிக்கும். 2016ல் வந்த ஒரு கணக்கீட்டின்படி உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 1,65,000 பேருக்கு வருகிறது, அதில் சுமார் 89,000 பேர் இறக்கிறார்கள். இவ்வளவு பெரிய நோய்க்கு என் முதல் வருட நோட்டில் இருந்தது நாலே வரி.

எனக்கு மிகவும் வலித்தது இன்னொரு விஷயம். இந்த நோயை முதன்முதலில் கண்டுபிடித்ததே எங்கள் ஊரில்தான். 1911ல் ரங்கூன் பொது மருத்துவமனையில் நோயியல் வேலை பார்த்த ஆல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளில் இதைக் கண்டார்கள். 1912ல் எழுதினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் பலர் மார்பியா ஊசி போட்டுக்கொண்ட ஏழைகள். உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகளைப் பார்த்தால் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மாதிரி இருந்தது. ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி நகராது, இது நகர்ந்தது. வளர்ப்பு ஊடகத்தில் அதைவிட வேகமாகவும் வளர்ந்தது. ஆகவே இது வேறு கிருமி என்று முடிவு கட்டினார்கள். 1917ல் கிருஷ்ணசாமி தனியாகவும் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கும் பழைய ஆட்கள் ‘விட்மோர் நோய்’ என்பார்கள். கிருஷ்ணசாமி பெயரை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தைத் தாண்டித்தான் நான் தினம் பஸ்ஸில் போவேன். வைவாவில் தோற்ற பிறகு ஒரு நாள், உள்ளே ஒரு மேசையில் குனிந்து அவர் ஸ்லைடு பார்த்ததை நினைத்துக்கொண்டே போனேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

முதலில் நான் மாற்றிக்கொண்டது புத்தகத்தைத் திறக்கும் இடம். முன்பெல்லாம் கிருமியின் பெயர், வடிவம், சோதனைகள், மருந்து என்று வரிசையாக மனப்பாடம் செய்வேன். ஆனால் பரீட்சையில் கேட்பது அந்த வரிசையில் இல்லை. ஒரு ஆளைக் காட்டித்தான் கேட்கிறார்கள். அதனால் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ஆளை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். மெலியாய்டோசிஸுக்கு என் பெரியப்பாவை வைத்தேன்.

பெரியப்பாவுக்குப் பெகு பக்கம் வயல். சர்க்கரை இருந்தது, மாத்திரை ஒழுங்காகப் போடமாட்டார். ஒரு மழைக்காலத்தில், நடவு முடிந்த கையோடு காய்ச்சல் வந்தது. இருமல், உடம்பு இளைப்பு. மருத்துவமனை ஒன்றில் டிபி என்று மருந்து கொடுத்தார்கள். மூன்று தடவை சளி பார்த்தும் டிபி கிருமி தெரியவில்லை, ஆனாலும் மருந்து ஓடியது. தீபாவளிக்கு முன்பே போய்விட்டார். அது மெலியாய்டோசிஸ்தானா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, வைக்கவில்லை. ஆனால் இந்த நோயைப் பற்றி எதைப் படித்தாலும் அவர் முகத்தோடு சேர்த்துப் படித்தேன். நுரையீரலில் வந்தால் டிபி போலவே இருக்கும் என்ற வரியை அதற்குப் பிறகு மறந்ததே இல்லை.

அடுத்தது மொழி. நோயாளியிடம் விவரம் கேட்பது ஒரு பாடம் என்றே நான் நினைத்ததில்லை. ஆய்வகத்தில் உட்காருகிறவளுக்கு அது எதற்கு என்று இருந்தேன். ஆனால் இந்த நோயில் பாதி விடை விவரத்தில்தான் இருக்கிறது. வயதான நம் விவசாயிகளிடம் போய் ‘மண்ணோடு தொடர்பு உண்டா’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. ‘இந்த மழைக்குச் சேற்றில் இறங்கினீர்களா தாத்தா? சேத்துப்புண் வந்ததா?’ என்று கேளுங்கள், காலைத் தூக்கிக் காட்டுவார்கள். கட்டி, கழலை, உள்காய்ச்சல், ராத்திரி வேர்வை என்று நம்மிடம் இருக்கிற வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பர்மியச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் எழுதி வைத்தேன். அந்த ஒரு தாள் எனக்குப் பல நோய்களுக்கு உதவியது. அப்புறம், படித்ததை இரவில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அம்மாவுக்குப் புரிகிற மாதிரி என்னால் சொல்ல முடியாத இடம்தான் எனக்கே புரியாத இடம். மறுநாள் அதை எடுத்துப் படிப்பேன்.

இனி பிளேட், அதாவது கிருமியை வளர்க்கிற தட்டு. இதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடந்து போகிறார்கள்.

சாதாரண பிளட் அகாரில், அதாவது ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில், முதல் நாள் இந்தக் கிருமி ஒன்றும் காட்டாது. சின்னதாக, வெளிறிய பால் நிறத்தில் காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) இருக்கும், அவ்வளவுதான். பார்க்கிறவர் வேறு ஏதோ கலந்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடுவார். கொஞ்சம் பொறுத்தால் காலனி உலர்ந்து சுருங்கும். ஆஷ்டவுன் அகார் என்று ஒரு தனி ஊடகம் உண்டு. அதில் கிரிஸ்டல் வயலட், கிளிசரால், ஜென்டாமைசின் இருக்கும். மற்றக் கிருமிகள் பலவற்றை ஜென்டாமைசின் அமுக்கிவிடும், இது வளரும். அதில் முதல் நாள் ஊசிமுனை அளவு. இரண்டாம் நாள் லேசான ஊதா. நாலாம் நாள் பார்க்க வேண்டும். காய்ந்த பூ மாதிரி, நடுவிலிருந்து ஓரம் வரை மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, கருஞ்சிவப்பு கலந்த ஊதாவில் நிற்கும். என் சயாமா ஒரு பயிற்சியின்போது பாதுகாப்பு கேபினட்டுக்குள் வைத்துக் காட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வெகு நேரம் பார்த்தேன். படத்தில் பத்துத் தடவை பார்த்தும் மனதில் நிற்காதது அந்த ஒரு தடவையில் நின்றது. உங்களுக்கும் அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மண்வாசனை வரும் என்று சில புத்தகத்தில் இருக்கும். எந்தக் காரணம் கொண்டும் முகர்ந்து பார்க்காதீர்கள். எந்தப் பிளேட்டையும் முகரக் கூடாது, இதை நிச்சயமாகக் கூடாது. சந்தேகம் வந்ததும் மூடி போட்டு, கேபினட்டுக்குள் கொண்டுபோய்த்தான் மேற்கொண்டு வேலை செய்ய வேண்டும். திறந்த மேசையில் கையாண்டு யாருக்காவது பெரிய அளவில் பட்டுவிட்டால் 21 நாள் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தடுப்பாகக் கொடுப்பார்கள். வைவாவில் இதைக் கேட்பார்கள், எனக்குக் கேட்டார்கள்.

ஆஷ்டவுன் இல்லாத ஆய்வகங்கள்தான் எங்கள் நாட்டில் அதிகம். அங்கே மூன்று டிஸ்க், அதாவது கிருமிக்கொல்லி மருந்து ஏற்றிய சின்னக் காகித வட்டு, போதும். ஆக்சிடேஸ் பாசிட்டிவாக உள்ள கிராம் நெகட்டிவ் குச்சி, ஜென்டாமைசினுக்கு மசியவில்லை, கொலிஸ்டினுக்கும் மசியவில்லை, ஆனால் கோஅமாக்சிக்ளாவுக்கு மட்டும் அடங்குகிறது என்றால் உடனே சந்தேகப்படுங்கள். மலேசியாவின் சரவாக் பகுதியில் ஜென்டாமைசினுக்கு அடங்குகிற வகையும் உண்டு. நல்ல மதிப்பெண் வாங்க நினைக்கிறவர்கள் இந்த விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்லலாம். கிராம் ஸ்லைடில் இரண்டு முனையும் கருத்து, நடு வெளுத்து, சேஃப்டி பின் மாதிரி தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது, மற்றக் கிருமிகளும் அப்படித் தெரியலாம். ஏபிஐ 20 என்ஈ போன்ற, கிருமியை அடையாளம் காட்டும் கிட்டுகள் சில சமயம் பெயரை மாற்றிக் கொடுக்கும், செப்பாசியா என்றோ குரோமோபாக்டீரியம் என்றோ வரும். அப்படி வந்தால் நோயாளியின் விவரத்தை எடுத்து மறுபடி படியுங்கள். கிட் சொன்னதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

கல்ச்சர் ஒரு தடவை வரவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பத்து நோயாளிகளில் ஏறக்குறைய ஆறு பேருக்குத்தான் கல்ச்சரில் பிடிபடும். அதனால் ரத்தம், சிறுநீர், சளி, தொண்டைத் துடைப்பு, சீழ் இருந்தால் சீழ், எல்லாவற்றையும் அனுப்பச் சொல்ல வேண்டும். இந்தக் கிருமி ஆரோக்கியமான உடம்பில் சும்மா குடியிருக்கிற கிருமி இல்லை. தொண்டையில் இருந்து கிடைத்தாலும் நோய்தான். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கிற சோதனையை எங்கள் மாதிரி ஊர்களில் நம்ப முடியாது, வயலில் இறங்கிய பலருக்கும் நோய் இல்லாமலே அது இருக்கும்.

சிகிச்சைக் கேள்விகளை ஆய்வக மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், அதில்தான் நம் ரிப்போர்ட்டின் அவசரம் புரியும். தாய்லாந்தில் நடந்து 1989ல் வெளிவந்த ஆய்வில், கடுமையான மெலியாய்டோசிஸுக்குப் பழைய மருந்துக் கூட்டைக் கொடுத்தபோது 74 சதவீதம் பேர் இறந்தார்கள். செஃப்டாசிடிம் கொடுத்தபோது அது 37 சதவீதமாக இறங்கியது. மருந்தை மாற்றியதிலேயே பாதிச் சாவு குறைந்தது. இன்றைக்குச் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம், ஊசி வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள். ஆழமான கட்டி இருந்தாலோ மூளைக்குப் போயிருந்தாலோ இன்னும் நீளும். அதன் பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை, பொதுவாக மூன்று மாதம். இதை விட்டால் நோய் திரும்பி வரும். வார்டில் காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் இதற்குச் சரிப்படாது. இன்னொன்று, சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் அடிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு மாற்றிவிடுவார்கள். ஆய்வகத்தில் இருந்து நாமும் இதை நினைவூட்டலாம்.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆசைப்பட்டது ஊர் ஊராக வயல் மண்ணைத் தோண்டிக் கிருமி தேட. அதற்குச் சர்வதேச வழிமுறை இருக்கிறது: ஒரு வயலில் 100 இடம், ஒவ்வொன்றிலும் 30 செ.மீ. ஆழத்தில் 10 கிராம் மண். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே வயலுக்கு நூறு வளர்ப்புக் குப்பிகள், ஒவ்வொன்றிலிருந்தும் பிளேட்டுகள், பாதுகாப்பான அறை. ஒரு மாணவியால் ஆகாது. சயாமா நேராகச் சொன்னார், “உன் மேசைக்கு வருகிற பிளேட்டில் இருந்து கேள்வியை எடு.” அப்படித்தான் டிஸ்க் முறையை எடுத்துக்கொண்டேன். சின்னக் கேள்விதான், ஆனால் ஒவ்வொரு நாளும் கையால் செய்தது. அதனால் எழுதவும் வந்தது, கேட்டதற்குப் பதில் சொல்லவும் வந்தது.

மறு வருட வைவாவில் கேள்வியில் வந்த நோயாளி மாறியிருந்தார். வயது 48, மீனவர், கழுத்தில் கழலை. கிருமி அதே மாதிரி. இந்தத் தடவை இப்படிச் சொன்னேன்: “டாக்டர், இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் மெலியாய்டோசிஸ் என்று சந்தேகப்படுகிறேன், உறுதியாகும் வரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்த்தீர்களா? தொண்டைத் துடைப்பும் சிறுநீரும் இன்றைக்கே அனுப்புங்கள். பிளேட் கேபினட்டுக்குப் போய்விட்டது. மூன்று டிஸ்கும் போட்டாயிற்று, நாளைக் காலையில் நானே கூப்பிடுகிறேன்.” சயாமா, “பிளேட்டை எத்தனை நாள் வைப்பாய்?” என்று கேட்டார். “ஏழு நாள்” என்றேன்.

இப்போது நான் வேலை செய்கிற இடத்தில், சந்தேகப் பிளேட்டின் அடியில் மார்க்கரால் நாலாம் நாள் தேதியையும் ஏழாம் நாள் தேதியையும் எழுதிவிடுகிறோம். போன மழையில் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. ஊசி முடிந்து வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மா மாத்திரைக் கவரோடு என்னிடம் வந்து, “காய்ச்சல்தான் விட்டுப் போச்சேம்மா, இதை இன்னும் எத்தனை நாளைக்குக் கொடுக்கணும்?” என்று கேட்டார். டாக்டர் எழுதியிருந்த நாளைப் பார்த்து, கவரின் மேல் தமிழில் ‘தை மாசம் முடியும் வரை’ என்று எழுதிக் கொடுத்தேன்.