கரிசல் பருத்தியும் நீர்மூழ்கிக் கப்பலும்

திசையன்விளைப் பேருந்து நாங்குநேரியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும், விஜயநாராயணம் கடற்படைத் தளத்தின் வானளாவிய கம்பங்கள் தெரியத் தொடங்கும். கடலே கண்ணில் படாத இந்தப் பொட்டலில், உடைமரங்களுக்கு நடுவே, கடற்படைக்கு என்ன வேலை என்று சிறு வயதில் மாமாவிடம் கேட்டேன். "அது தண்ணிக்குள்ள கெடக்க கப்பலோட பேசுத எடம்டே" என்றார். சாதாரண வானொலி அலை உப்புநீரில் இறங்கிய உடனேயே அடங்கிவிடும். பத்து கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள, அதிர்வெண் மிகக் குறைந்த அலையே பத்து இருபது மீட்டர் ஆழம் வரை போகும். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற அந்தத் தளம் 1990 முதல் அத்தகைய அலைகளைத்தான் அனுப்பி வருகிறது. மாமா சொன்னதில் ஒரு சிறு திருத்தம் உண்டு: நாம் பேசலாம், ஆழத்தில் கிடக்கும் கப்பல் கேட்கலாம், ஆனால் அந்த அலையில் அது பதில் சொல்ல முடியாது.

நீர்மூழ்கிப் போருக்கும் எங்கள் சீமைக்கும் உள்ள தொடர்பு இந்தக் கம்பங்களோடு தொடங்கியதல்ல. 1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும், லிங்கன் தென் மாநிலத் துறைமுகங்களைக் கடல்வழியாக அடைக்க ஆணையிட்டார். தெற்கின் செல்வம் பருத்தி. அது வெளியே போகாவிட்டால் துப்பாக்கி வாங்கப் பணம் வராது என்பதுதான் கணக்கு. பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகள் மூடப்பட்டு, அங்கே நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, லிவர்பூல் வியாபாரிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் காடுகளின் பருத்தி தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. அங்கே கரையோரம் ஆழம் போதாது என்பதால் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பஞ்சுச் சிப்பங்களைத் தோணிகளில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விலை சில மடங்கு ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் இறங்கியது. விலையை நம்பி விதைத்தவனுக்கு அந்த இறக்கம் எப்படி இருந்திருக்கும் என்று கரிசல்காரர் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

அதே முற்றுகையை உடைக்கத்தான் தெற்கத்தியர் ஹன்லி என்ற நீர்மூழ்கியைச் செய்தார்கள். இரும்புக் கொதிகலன் போன்ற அந்தக் கூட்டுக்குள் எட்டுப் பேர் குனிந்து உட்கார வேண்டும். அவர்களில் ஏழு பேர் கையால் சுழற்றினால்தான் கப்பலைத் தள்ளும் விசிறி திரும்பும். சோதனை ஓட்டங்களிலேயே இருமுறை மூழ்கிப் பதின்மூன்று பேரைக் கொன்றது. 1864 பிப்ரவரி 17 இரவு, முன்னால் நீட்டிய கழியின் நுனியில் வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு போய், சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே காவல் நின்ற ஹூசடானிக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. தானும் கரை திரும்பவில்லை. ஒரு நீர்மூழ்கி போர்க்கப்பலை வீழ்த்தியது அதுவே முதல் முறை. ஆகவே முற்றுகையையும் நீர்மூழ்கியையும் நான் இரண்டு தனிப் பாடங்களாகப் பார்ப்பதில்லை. அடைத்தவன் கையில் முற்றுகை. அடைபட்டவன் கையில் நீர்மூழ்கி.

முதல் உலகப் போரில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. பிரிட்டன் ஜெர்மனியை அடைத்தது. ஜெர்மனி நீர்மூழ்கிகளை விட்டுப் பிரிட்டனை அடைக்கப் பார்த்தது. கடற்போர் வழக்கப்படி வணிகக் கப்பலை நிறுத்திச் சோதித்து, மாலுமிகளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்த பிறகே மூழ்கடிக்கலாம். நீர்மூழ்கியில் அவர்களை ஏற்ற இடமில்லை; மேலே வந்து நின்றால் சிறு பீரங்கியே அதற்கு எமன். எனவே எச்சரிக்காமல் அடித்தார்கள். 1915 மே மாதம் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலில் 1,198 பேர் மாண்டார்கள். மாதம் ஆறு லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்து மாதத்தில் பிரிட்டன் பணியும் என்று கணக்குப் போட்டு, 1917 பிப்ரவரியில் கட்டுப்பாடு அனைத்தையும் கைவிட்டார்கள். ஏப்ரலில் எட்டு லட்சத்தையும் தாண்டினார்கள். ஆனால் அதே மாதம் அமெரிக்கா போரில் இறங்கியது. பிரிட்டனும் கப்பல்களைக் கூட்டமாக, காவலோடு அனுப்பத் தொடங்கியது. பரந்த கடலில் முப்பது கப்பல் கொண்ட ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிப்பது ஒற்றைக் கப்பலைக் கண்டுபிடிப்பதைப் போலவே கடினம் என்பதால், பல நீர்மூழ்கிகள் வெறுங்கடலையே பார்த்துக்கொண்டு கிடந்தன.

நீர்மூழ்கிக்காரனைக் கொலைகாரன் என்ற வரலாறு, முற்றுகை போட்டவனை அவ்வளவு எளிதாக அப்படி அழைப்பதில்லை என்பது என் மனத்தாங்கல். 1916-17 குளிர்காலத்தில் ஜெர்மானியர் மாட்டுத் தீவனமான டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். 1918 நவம்பரில் சண்டை நின்ற பிறகும் 1919 ஜூலை வரை அந்த முற்றுகை முழுதாக விலக்கப்படவில்லை.

எங்கள் பக்கமும் கடல் அடைபட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அடுத்த மாதமே வங்காள விரிகுடாவில் அவர்களுடைய கப்பற்படை சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. முற்றுகை என்று யாரும் அறிவிக்கவில்லை, ஆனால் பர்மா அரிசி வருவது நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் மரச்சீனிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. இந்தப் பக்கம் தாமிரபரணி நெல் இருந்ததால் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் எங்கள் ஆச்சிக்குத் தன் கல்யாணம் நடந்த ஆண்டு நினைவில் நிற்காது. யாராவது கேட்டால், "ரங்கூன் அரிசி நின்னுதுல்லா, அதுக்கு மறுவருசம்" என்பாள்.